மேனேஜரின் மேசைக்கு இளம்பச்சை

ஆபீஸில் அவருக்குக் கொடிக்கம்பம் என்று பெயர். ஆள் ஒல்லி, நெட்டை என்பது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம், மேனேஜர் அறையில் அவர் நின்ற நிற்பு. தண்ணீர் மோட்டார்களும் அவற்றின் உதிரிபாகங்களும் விற்கிற கம்பெனி அது. கிடங்கிலிருந்து எத்தனை வால்வு போனது, எத்தனை வாஷர் வந்தது என்று ஒத்துப் பார்த்து, சாயங்காலம் மேனேஜரிடம் கையெழுத்து வாங்குவது கொடிக்கம்பத்தின் வேலை. மேனேஜர் தாளைக் கையில் எடுப்பார். போன் வரும். பேசுவார், சிரிப்பார், வைப்பார். இன்னொரு போன் வரும். அதுவும் முடிந்தபின் அதே தாளை மறுபடி முதல் வரியிலிருந்து படிப்பார். இத்தனையும் முடிகிறவரை கொடிக்கம்பம் மேசைக்கு இந்தப் பக்கம் கால் கடுக்க நிற்பார்.

அங்கே நாற்காலி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் லட்சணமாகக் கிடந்தன. ஒன்றில் மேனேஜரின் கைப்பை உட்கார்ந்திருக்கும். இன்னொன்றில் அவருடைய சாப்பாட்டு டப்பா உட்கார்ந்திருக்கும். வெளியாட்கள் வந்தால் பையும் டப்பாவும் எழுந்து இடம் கொடுக்கும். ஆபீஸ் ஆட்களில் விவரமானவர்கள் பையை நகர்த்திவிட்டுத் தாங்களாகவே உட்கார்ந்துகொண்டார்கள். மேனேஜரும் ஒன்றும் சொல்லவில்லை, கவனித்தாரா என்பதே சந்தேகம். ஆனால் நம் கொடிக்கம்பத்துக்குக் கௌரவம் என்று ஒன்று இருந்தது. சொல்லாமல் உட்கார மாட்டார். அந்த மனிதர் வாயைத் திறந்து, தன் முகத்தைப் பார்த்து, "உட்காருங்க" என்று சொல்ல வேண்டும். இதற்காக இருபது வருஷத்துக்கு மேல் காத்திருந்தார் என்றால், அவருடைய பொறுமையைப் பாராட்டுவதா, மண்டையில் குட்டுவதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவர் மனைவி எப்போதோ முடிவு செய்துவிட்டாள்.

"உட்கார வேண்டியதுதானே? நாற்காலியில முள்ளா இருக்கு?"

"அவர் சொல்லலையே."

"பஸ்ல கண்டக்டர் வந்து சொன்னாத்தான் உட்காருவீங்களா?"

பாதங்களை வெந்நீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி இருப்பார்.

மேனேஜர் ஒருவழியாக ஓய்வு பெற்றுப் போனார். புதிதாக வந்தவன் சின்னப் பையன். முதல் நாளே, "உட்காருங்க சார், எதுக்கு நிக்கிறீங்க?" என்று நாற்காலியை இழுத்தே போட்டான். கொடிக்கம்பம் உட்கார்ந்தார். எத்தனை வருஷ ஆசை, நிறைவேறும்போது உடம்பு சிலிர்க்க வேண்டாமா? ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து, "அவன் எல்லாரையும் உட்காரச் சொல்றான். நாய்க்குட்டி வந்தாலும் சொல்லுவான்" என்று எரிந்து விழுந்தார். சொல்ல வேண்டிய வாய் ஒன்றுதான். அந்த வாய் இப்போது வீட்டில் ஹாயாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தது.

அப்படியே விட்டிருந்தால் இதுவும் காலப்போக்கில் ஆறிப்போயிருக்கும். கம்பெனி புதுக் கட்டடத்துக்கு மாறியதுதான் வினையாகப் போயிற்று. பழைய சாமான்களை வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆளுக்கு ஆள் பாய்ந்தார்கள். ஒருவர் மின்விசிறியைத் தூக்கினார், ஒருவர் இரும்பு அலமாரியைத் தூக்கினார், ஒரு புண்ணியவான் சுவர்க் கடிகாரத்தோடு கம்பி நீட்டினார். யாருமே சீந்தாத ஒன்றைக் கொடிக்கம்பம் எடுத்துக்கொண்டார். அது மேனேஜரின் மேசை.

மூன்று பேர் தூக்கிக்கொண்டு வந்து முன்னறையில் இறக்கியதும் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கன்னங்கரேல் என்று, ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு இருந்தது மேசை. கூரை ஒழுகி மேல்பலகை ஒரு மூலையில் உப்பியிருந்தது. மேலே டீ கிளாஸ் வைத்த வட்டங்கள், மை கொட்டிய தீவுகள். ஓரமெல்லாம் மரத்தோல் உரிந்து தொங்கியது.

"இனிமே இந்த வீட்டுல நாம குடியிருக்கிறதா, இது குடியிருக்கிறதா?" என்றாள்.

கொடிக்கம்பத்தின் காதில் அது விழவில்லை. அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தார். இத்தனை வருஷமும் அந்தப் பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை. மூன்று இழுப்பறைகள் இருந்தன. காலை வைத்துக்கொள்ளக் கீழே ஒரு கட்டை. அதில் மேனேஜரின் செருப்புகள் உரசி உரசி இரண்டு இடத்தில் குழி விழுந்திருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு குழிகளிலும் பாதங்களை வைத்தார். முகத்தில் ஒரு தேஜஸ் வந்தது.

"அவரை ஒருநாள் இங்க வரவழைக்கணும்," என்றார். "நான் இங்க உட்கார்ந்திருப்பேன். அவர் அந்தப் பக்கம் நிக்கணும். நான் உட்காருங்கன்னு சொல்ல மாட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ்வளவுதான்."

"இதுக்குப் போன்ல நாலு வார்த்தை திட்டிட்டு வெச்சிருக்கலாம். எனக்கு இடமாவது மிஞ்சியிருக்கும்."

ஆனால் அவளுக்கு உள்ளூர ஒரு கஷ்டம் இருந்தது. வெந்நீர் வாளி தூக்கியவள் அவள்தானே. அதனால் மேசையை வெளியே தள்ளச் சொல்லவில்லை.

மேசையை அப்படியே வைத்துக்கொண்டு மேனேஜரைக் கூப்பிட்டிருக்கலாம். எனக்கும் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். கொடிக்கம்பத்துக்குத் தோன்றவில்லை. சொறி பிடித்த மேசைக்குப் பின்னால் கம்பீரமாக எப்படி உட்கார்வது? பார்க்கிறவன் பரிதாபப்பட மாட்டானா? மேசை புது மெருகோடு, பார்த்தவுடன் ஆள் அசந்துபோகிற மாதிரி இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் உப்புத்தாள் சுருளோடு உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் முன்னறையில் மூச்சு விட்டதில்லை. துருப்பிடித்த திருகாணிகளைக் கழற்றி மேல்பலகையைப் பிரித்தார். கால்களையும் பக்கங்களையும் தேய்த்தார். கறுப்புக்கு அடியில் காவி, காவிக்கு அடியில் ஏதோ ஒரு சாம்பல் நிறம், அதற்கும் அடியில் மரம். முகத்தில் மனைவியின் பழைய துணியைக் கட்டிக்கொண்டு, புருவமெல்லாம் தூசியாக அவர் நின்றபோது, கல்லூரியில் படிக்கிற மகள், "அம்மா, வீட்டுக்குள்ள திருடன்" என்று கத்தியே விட்டாள்.

ஓட்டைகளுக்கும் விரிசல்களுக்கும் பட்டி பார்த்தார். காயவிட்டு மறுபடி தேய்த்தார். பிரைமர் அடித்தார். பெயிண்ட் என்று வந்தபோதுதான் தகராறு. பழையபடி கரும்பழுப்பே அடிக்கலாம் என்று இவர் சொல்ல, "சவப்பெட்டி மாதிரி இருக்கும்ப்பா" என்றாள் மகள். கடையில் வண்ண அட்டையை விரித்து வைத்து, அவளே விரலை வைத்தாள். இளம்பச்சை. தளிர் இலையின் பச்சை. முதல் கோட்டில் பிரஷ்ஷை முக்கி முக்கி அடித்ததில் பெயிண்ட் கண்ணீர் விட்டுக்கொண்டு வழிந்தது. அது காய்ந்ததும் மொத்தத்தையும் தேய்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அடித்தார். இரண்டாவது கோட்டுக்குள் கை பழகிவிட்டது. மேலிருந்து கீழே ஒரே இழுப்பு, பிரஷ் போன தடம் தெரியவில்லை.

புது மேல்பலகைக்குக் கனமான பிளைவுட் அறுத்து வாங்கி வந்தார். அதன்மேல் ஒட்ட வெளிர்மர நிறத்தில் மைக்கா. இரண்டிலும் பசை தடவி, கைவைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்; ஒருதரம் பட்டுவிட்டால் நகர்த்த முடியாது. மகள் ஒரு முனையைப் பிடிக்க, மனைவி ஒரு முனையைப் பிடிக்க, இவர் நடுவிலிருந்து கட்டளை போட்டார். "மூச்சு விடாதீங்க" என்று அதட்டினார். விட்டுத் தொலைத்தார்கள் போலிருக்கிறது. ஒரு மயிரிழை கோணலாகப் போனது. ஓரத்தில் மரச்சட்டம் அடித்து அதையும் மறைத்துவிட்டார். மேலே இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் வாளிகள், மகளின் பாடப் புத்தகங்கள் என்று வீட்டில் கனமாக இருந்த எல்லாவற்றையும் ஏற்றி வைத்தார். "நான் வேணும்னா ஏறி உட்காரட்டுமா?" என்றாள் மனைவி.

உண்மையைச் சொல்ல வேண்டும். வாஷர் எண்ணிய அந்தக் கைகளுக்குள் இப்படி ஒரு வித்தை இருக்கும் என்று யாருமே நினைக்கவில்லை. இழுப்பறைக்கு மெழுகு தடவிவிட்டு, ஒரு விரலால் தள்ளி, அது சத்தமில்லாமல் போய் மூடுவதைப் பார்க்கும்போது கொடிக்கம்பம் சந்தோஷமாக இருந்தார். சில ஞாயிறுகளில் மேனேஜரை அவர் அடியோடு மறந்துபோனார். மனைவிதான் கெட்ட எண்ணம் இல்லாமல், "என்னைக்குக் கூப்பிடப் போறீங்க?" என்று நினைவுபடுத்தித் தொலைத்தாள்.

மருந்துக் கடை வரிசையில் மேனேஜர் அகப்பட்டார். இளைத்திருந்தார்.

"அட! நீங்க நம்ம ஆபீஸ்தானே? பில்லிங்?"

"ஸ்டோர்ஸ் சார்."

"அதான், அதான், ஸ்டோர்ஸ். ஞாபகம் இல்லாமலா?"

வீட்டுக்கு ஒருதரம் வர வேண்டும் என்று கேட்டதும், "இந்த ஞாயிறே வர்றேன்" என்றார். பிகு பண்ணுவார், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று கொடிக்கம்பம் மனசுக்குள் எழுதி வைத்திருந்த வசனமெல்லாம் வீணாயிற்று.

சனிக்கிழமை ஒத்திகை. முன்னறையிலிருந்த சோபா, நாற்காலி, ஸ்டூல், மோடா எல்லாம் படுக்கையறைக்குள் போய்விட்டன. மேசைக்கு அந்தப் பக்கம் அவருக்கு மட்டும் ஒரு கைவைத்த நாற்காலி.

"நீதான் மேனேஜர். வாசல் வழியா வா," என்றார் மனைவியிடம்.

"நான் மேனேஜர்னா முதல் வேலையா உங்களைப் பாத்திரம் கழுவுற இடத்துக்கு மாத்துவேன்."

கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். அவர் நிமிராமல் ஒரு தாளைப் படித்தார். கொஞ்ச நேரம் கழித்துப் புருவத்தை மட்டும் தூக்கி, "ம்? என்ன விஷயம்?" என்றார்.

"அடுப்புல தண்ணி கொதிக்குது. அதுதான் விஷயம்."

அந்த நேரம் பார்த்து யாரோ கதவைத் தட்டினார்கள். கொடிக்கம்பம் நாற்காலியிலிருந்து விருட்டென்று எழுந்துவிட்டார். வந்தது தண்ணீர் கேன் போடுகிறவர்.

"கேன் போடுறவருக்கே இப்படி எழுந்து நிக்கிறீங்க," என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நாளைக்கு அவர் வந்தா கூரையில போய் இடிச்சுக்கப் போறீங்க."

ஆனால் மறுநாள் அவர் எழுந்திருக்கவில்லை. அதை அவர் கணக்கில் வைத்தே ஆக வேண்டும். மேனேஜர் உள்ளே நுழைந்தபோது முழங்கால்கள் அவரைக் கேட்காமல் கொஞ்சம் எழும்பின. நாற்காலியின் இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துத் தன்னைத்தானே கீழே இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். "வாங்க சார்," என்றார். அதோடு நிறுத்தினார். உட்காருங்க என்று சொல்லவில்லை.

மேனேஜர் நின்றார். கொடிக்கம்பம் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருஷம் கண்ட மனக்கோட்டை, செங்கல் பிசகாமல் முன்னறையில் எழுந்து நின்றது. சமையலறை வாசலில் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மேனேஜருக்குத் தான் நிற்கவைக்கப்பட்டிருப்பதே தெரியவில்லை. அவர் கண் மேசைமேல் போயிருந்தது. கிட்டே வந்தார். மேல்பலகையை உள்ளங்கையால் தடவினார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். குனிந்து கால்களைப் பார்த்தார், பக்கவாட்டில் போய் ஓரச்சட்டத்தை நோட்டம் விட்டார். நிற்கிறவர் சோதனைக்கு வந்த அதிகாரி போலவும், உட்கார்ந்திருக்கிறவர் சரக்கு விற்கிறவர் போலவும் ஆகிவிட்டது.

"பிரமாதமா இருக்கே! எங்க வாங்கினீங்க?"

கொடிக்கம்பத்துக்கு அப்போதுதான் உறைத்தது. உப்புத்தாள் வாங்கும்போது, வண்ண அட்டை பார்க்கும்போது, மைக்கா ஒட்டும்போது, ஒருதரம்கூட இது தோன்றவில்லை. இந்த மேசை இன்ன மேசை என்று தெரிந்தால்தானே ஆளுக்குச் சுருக்கென்று குத்தும்? அந்தக் கறுப்பையும் வட்டங்களையும் மைத் தீவுகளையும் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து, தன் கையாலேயே, ஒரு பொட்டு விடாமல் தேய்த்தும் கழற்றியும் எடுத்துவிட்டிருந்தார்.

"சார், இது... உங்க மேசைதான் சார்," என்றார்.

"என் மேசையா?" மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "அது எருமை மாதிரி இருக்கும்யா! தினம் முழங்கால்ல இடிச்சுக்குவேன். சும்மா விளையாடாதீங்க. இது எவ்வளவு லட்சணமா இருக்கு!"

"நிஜமா சார். நான்தான் தேய்ச்சு, பெயிண்ட் அடிச்சு..."

"நீங்களா? உங்க கையாலயா?" சிரிப்பு நின்றது. மேனேஜர் முதல் தடவையாக அவர் முகத்தை முழுசாகப் பார்த்தார். "உங்ககிட்ட இப்படி ஒரு திறமை இருக்கா! எனக்குத் தெரியாமப் போச்சே!"

கொடிக்கம்பத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாவி மனிதருக்கு அந்த வாயிலிருந்து கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. "இந்த ஓரத்தைப் பாருங்க சார்," என்று எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார். பட்டியை எத்தனை தரம் தேய்த்தால் விரிசல் தெரியாது, மைக்காவை எந்த முனையிலிருந்து இறக்கினால் காற்று சிக்காது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். மேனேஜருக்குக் கால் வலித்திருக்கும், வயதானவர். கேட்டுக்கொண்டே அந்தப் பக்கம் போய், காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, பாதங்களைக் கட்டைமேல் வைத்துக்கொண்டார். தேய்க்காமல் விட்டிருந்த அந்த இரண்டு குழிகளிலும் அவை கச்சிதமாகப் பொருந்தின.

மனைவி டீயோடு வந்தபோது மேனேஜர் மேசைக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கொடிக்கம்பம் மேசைக்கு முன்னால், கொஞ்சம் குனிந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கையில் தாள் மட்டும்தான் இல்லை.

"எங்க வீட்டுலயும் ஒரு பழைய டிரெஸ்ஸிங் டேபிள் கிடக்கு," என்றார் மேனேஜர், டீயை உறிஞ்சிக்கொண்டு. "அடுத்த ஞாயிறு வந்து பார்த்துக் குடுத்துடுங்க."

மனைவி கணவனையே பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். கண்ணால் சொன்னது போதாதென்று தட்டை ஓங்கி வைத்தாள்.

"சரிங்க சார்," என்றது கொடிக்கம்பத்தின் வாய்.

அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. கோபம்தான். ஆனால் ஞாயிறு வந்ததும் பையில் உப்புத்தாளும் பட்டி டப்பாவும் எடுத்து வைத்துக் கொடுத்தவளும் அவள்தான். வாசலில், "இன்னைக்காவது உட்காரச் சொல்றாரான்னு பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

மேனேஜர் வீட்டுப் பின்பக்க வராந்தாவில் டிரெஸ்ஸிங் டேபிள் இருந்தது. மேனேஜர் பக்கத்திலேயே நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்தார். கொடிக்கம்பம் நின்றபடி கண்ணாடிச் சட்டத்தைத் தேய்த்தார், மேல்தட்டைத் தேய்த்தார். கால்களுக்கு வந்தபோது குனிய வேண்டியிருந்தது. நெட்டை உடம்பு, முதுகு பிடித்துக்கொண்டது. நிமிர்ந்து இடுப்பில் கையை வைத்தார். மறுபடி குனிந்தார்.

மேனேஜர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். அவர் முகத்தை நேராகப் பார்த்தார். குரலில் நிஜமான கரிசனம் இருந்தது.

"எதுக்குக் குனிஞ்சு குனிஞ்சு கஷ்டப்படுறீங்க? உட்காருங்க. கீழ உட்கார்ந்து தேய்ங்க."

கொடிக்கம்பம் உப்புத்தாளைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து தேய்ப்பது சுலபமாகத்தான் இருந்தது.

வீடு திரும்பியபோது மனைவி வாசலிலேயே இருந்தாள்.

"என்ன? உட்காரச் சொன்னாரா?"

"சொன்னாரு."

"நிஜமாவா?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அவர் வாயாலயா?"

"அவர் வாயாலதான். என் முகத்தைப் பார்த்து."

அவர் செருப்பைக் கழற்றத் திரும்பினார். பேண்ட்டின் பின்பக்கம் முழுக்க, இடுப்பிலிருந்து முழங்கால்வரை, வெள்ளைத் தூசி. அவள் அதைப் பார்த்தாள். இன்னொரு நாளாக இருந்தால் அந்த வாய்க்கு இது ஒரு வாரத்துக்குக் காணும்.

இன்றைக்கு, "அசையாதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னால் வந்து, கையால் தூசியைத் தட்டினாள். தூசிக்குத் தேவையானதைவிடப் பலமாகத் தட்டினாள்.

"அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்காரு."

"போகப் போறீங்களா?"

அவர் கழற்றிய செருப்பைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தார்.

"பட்டி பார்த்து வெச்சிருக்கேன்," என்றார். "மேல பிரைமர் அடிக்காம விட்டா வெடிச்சிடும்."